தாழ்ந்த நாதமும் அடுத்த வீடும்

ஒலி என்பது செவியால் மட்டும் உணரப்படுவது என்பது பொதுவான எண்ணம். அஃது முழுதும் பொருந்துவதன்று. திருவிழாவில் தவில் முழங்குங்கால் அம்முழக்கம் செவியோடு நெஞ்சையும் தாக்குதலை அறியாதார் இலர். பெரிய தேவாலயங்களில் ஆர்கன் என்னும் வாத்தியத்தின் பதினாறடிக் குழல் ஒலிக்கும்போது, அமர்ந்திருக்கும் பலகையே மெல்ல அதிர்வதைக் கண்டோர் பலர். அக்குழலின் நாதம் விநாடிக்கு ஏறக்குறைய 33 துடிப்புகளை உடையது. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் கீழெல்லை 20 துடிப்பு என்பர். இவ்விரண்டிற்கும் அண்மையிலுள்ள தாழ்ந்த நாதங்களை வீட்டினுள் கொணர்வதற்கென அமைந்த ஒலிபெருக்கியே கடைத்தெருவில் ‘சப்வூபர்’ என வழங்குவது. அத்தகைய பெட்டியொன்றை யாம் ஓசூரில் சிறு செலவில் எம் கையாலேயே செய்து முடித்தோம். அதன் வரலாறு நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் சிறிது பயன்படக்கூடும் என்னும் துணிவால் இதனை எழுதலாயினோம்.

ஓசூர் தமிழகத்தின் வடமேற்கு வாயில். அத்திப்பள்ளியைக் கடந்தால் கன்னட நாடு. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும். 1970-களில் அங்குச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் கனவண்டி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் முதலிய தொழில்கள் அடுத்தடுத்து வேரூன்றின. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியினின்றும் பிரிந்தது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆயிற்று. இவையெல்லாம் நூல்களிற் காணக்கூடிய செய்திகள். அவ்வூரில் வாழ்வோர் மட்டும் அறிந்த செய்தி ஒன்றுண்டு: அங்கே இரவும் பகலும் எல்லார்க்கும் ஒன்றல்ல. ஆலைச்சங்கின்படி மூன்று ‘ஷிப்டு’களாக வாழும் ஊர் அது. ஒரு வீட்டார் காலையுணவு கொள்ளும் வேளையில் அடுத்த வீட்டார் உறங்கச் செல்வர். இவ்வொரு செய்தியே எம் சிறு முயற்சிக்கு ஒரு பெருங் கேள்வியாய் வந்து நின்றது. அதனைப் பின்னர் உரைப்போம்.

இப்பெட்டி செய்யக் காரணராயினார் எம் மூத்த தமையனார். அவர் ஓர் ஆலையின் பிரஸ் பிரிவில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் அப்பிரிவின் ஓசையில் நெடுங்காலம் நின்றோர்க்குச் செவியின் ஒரு பகுதி தேய்தல் இயல்பு. அங்ஙனம் தேய்வது எல்லாச் சுருதியும் ஒருங்கேயன்று. விநாடிக்கு 4,000 துடிப்பினை ஒட்டிய உயர்ந்த சுருதிகளே முதலில் மங்கும். ஆகவே அவருக்குப் பிறர் பேசுவது கேட்கும். ஆயின் ‘ச’வும் ‘ஸ’வும் ‘ஷ’வும் பிரிந்து கேளா. பாட்டுக் கேட்பதில் ஒரு காலத்தில் தணியாத வேட்கை உடையவர்; பின்னர் மெல்ல மெல்ல அதனைக் கைவிட்டார். “எல்லாம் தகரத்தில் தட்டுவது போலிருக்கிறது, தம்பி” என்பார். செவிக்கருவி பேச்சைத் தெளிவாக்க உதவிற்று; இசையை மீட்டுத் தரவில்லை. ஆயினும் ஊர்த் திருவிழாவில் தவில் முழங்கும்போது அவர் முகம் மலர்தலை யாம் கண்டோம். அவருக்குக் குறையாது நிற்கும் தாழ்ந்த நாதத்தையேனும் வீட்டில் முழுமையாகத் தரலாகாதோ என்னும் எண்ணம் அதனால் எழுந்தது. உரத்த ஒலி எஞ்சிய செவிக்கும் கேடு என மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். ஆதலின் எமக்கு வேண்டுவது உரத்த ஒலியன்று, ஆழ்ந்த ஒலி. இவ்விரண்டும் வேறு என்பதே இக்கலையின் முதற் பாடம்.

கைப்பேசியில் பாட்டுக் கேட்போர், தாழ்ந்த நாதமும் அதிற் கேட்கிறதே என்பர். உண்மையில் அச்சிறு ஒலிபெருக்கி அந்நாதத்தை எழுப்புவதில்லை. ஒரு நாதத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு துடிப்புடைய கிளை நாதங்களும் பிறக்கின்றன. அக்கிளைகள் மட்டும் கேட்டாலும் மனம் வேரினைத் தானே கற்பித்துக்கொள்ளும். கும்பிட்ட கையைக் கண்டு முகத்தை ஊகிப்பது போன்றது இது. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சாந்து கிளை நாதங்களை ஒழுங்குபட வைக்கிறது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920-இலும் 1934-இலும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். ஆனால் இடந்தலையாகிய தொப்பியின் கும்கி, ஊகத்தால் நிறைவதன்று, உடலால் உணர்தற்குரியது.

தாழ்ந்த நாதத்தை எழுப்புதல் ஏன் அரிது? ஒலி என்பது காற்றின் அசைவு. 60 துடிப்பில் ஓர் அளவு ஒலி எழுப்பும் ஒலிபெருக்கி, 30 துடிப்பில் அதே அளவு ஒலி எழுப்ப வேண்டுமாயின் நான்கு மடங்கு காற்றை அசைத்தாக வேண்டும். அன்றியும் செவியே தாழ்ந்த சுருதிக்குச் சோம்பல் உடையது. பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் இதனை அளந்து காட்டினர். ஆகவே பெரிய கூம்பும், மிகுந்த மின்வலியும் வேண்டும் எனப் பலர் முடிவு கட்டிப் பொருளை இறைப்பர். அதற்கு எளிய மாற்று ஒன்றுண்டு. அதனை நம் நாட்டுக் குயவர் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர்.

குடத்தின் வாயில் காற்றை ஊதினால் ஆழ்ந்த ஓசை எழுகிறதன்றோ? கடம் வாசிப்போர் அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் சுருதியை மாற்றுதலை நாம் கச்சேரிகளிற் கண்டிருக்கிறோம். குடத்தினுள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றது. கழுத்திலுள்ள காற்று அவ்வில்லில் தொங்கும் எடையைப் போன்றது. வில்லும் எடையும் சேர்ந்து தமக்கெனக் குறித்த ஒரு துடிப்பில் ஆடும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வியல்பை ஆராய்ந்தார். நம் கல்லூரிப் பௌதிக வகுப்பில் அவர் பெயரைக் கேளாதார் இரார். ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்தி அதனைக் குடமாக்கும் உபாயத்திற்கு அமெரிக்கராகிய துராஸ் என்பார் 1932-இல் உரிமை பெற்றார். எனினும் எந்தக் கூம்பிற்கு எவ்வளவு பெட்டி, எவ்வளவு குழாய் என்னும் கணக்கு நெடுநாள் தெளிவுபடவில்லை. அதனை ஆஸ்திரேலியாவில் தீல் என்னும் பொறிஞர் 1961-இல் வகுத்தார். சிட்னியில் ஆராய்ச்சி செய்த ஸ்மால் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் அதனை விரித்துரைத்தார். இன்று ஏழை மாணவன் ஒருவன் தன் மேசையில் அமர்ந்து, பெருங் கம்பெனிகள் செய்யும் கணக்கையே செய்ய இயல்வது இவ்விருவரால்.

இனிச் செய்முறை. ஓசூரினின்று நாற்பது கிலோமீட்டர் அளவிலுள்ள பெங்களூரின் எஸ். பி. ரோடு மின்பொருள் வாணிகத்திற்குப் பெயர் பெற்றது. அங்கே கார்களுக்கென விற்கும் பத்தங்குல வூபர் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினோம். அதன் பெட்டியில் ‘1000 வாட்’ என்று பொறித்திருந்தது. நமக்கு வேண்டிய அளவுகளோ ஒன்றும் இல்லை. அவற்றை நாமே அளத்தல் எளிது. கூம்போடு தொடராக 10 ஓம் தடை ஒன்றை இணைத்து, கைப்பேசியிலிருந்து சிறு பெருக்கி வழியாகப் பல சுருதிகளைச் செலுத்தி, கூம்பின் முனைகளில் மின்னழுத்தத்தைப் பார்த்துவந்தோம். 32 துடிப்பில் அளவு உச்சிக்கு ஏறிற்று. அதுவே கூம்பின் இயற்சுருதி. பின்னர் நகைக்கடைத் தராசில் நிறுத்த சிறிது மெழுகைக் கூம்பின்மேல் ஒட்டி மீண்டும் அளந்தோம். எடை ஏறவே சுருதி இறங்கிற்று. எவ்வளவு இறங்கிற்று என்பதைக்கொண்டு கூம்பின் எடையும், அதன் தொங்கலின் நெகிழ்ச்சியும் கணக்கில் வெளிப்பட்டன. அந்நெகிழ்ச்சி 48 லிட்டர் காற்றின் நெகிழ்ச்சிக்கு ஒப்பாயிருந்தது. ஆட்டத்தை அடக்கும் ஆற்றலைக் குறிக்கும் எண் 0.42 என வந்தது. தீல், ஸ்மால் ஆகியோரின் முறைப்படி பார்க்க, இக்கூம்பிற்கு 60 லிட்டர்ப் பெட்டியும் 30 துடிப்புக் குழாயும் பொருந்தும் என்று தெளிந்தோம்.

பெட்டி வெளியளவில் 50 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 45 ஆழம். பலகை 18 மில்லிமீட்டர்ப் பிளைவுட். உள்ளளவு ஏறக்குறைய 70 லிட்டர். கூம்பும், குழாயும், உட்சட்டங்களும் கொள்ளும் இடம் போக எஞ்சுவது 60. எட்டுக்கு நான்கடிப் பலகையில் பாதிக்கும் குறைவே செலவாயிற்று. யந்திரங்களுக்குப் பொதிப்பெட்டி செய்யும் பட்டறைகள் ஓசூரில் உண்டு; அவற்றுள் ஒன்றில் 300 ரூபாய் கூலிக்குப் பலகைகளை நேராக அறுத்துத் தந்தனர். குழாய்க்கு வீட்டுக் கழிவுநீர் செல்லும் நான்கங்குலப் பி.வி.சி. குழாயே போதும். அதன் உள்விட்டம் 10.4 சென்டிமீட்டர், 30 துடிப்பிற்கு வேண்டிய நீளம் 39 சென்டிமீட்டர். ஆழம் 45 ஆகையால் நேரே செருகினால் குழாயின் முனை பின்பலகையை முட்டும் அளவிற்கு நெருங்கிக் காற்று மூச்சுத் திணறும். ஆதலின் குழாய்க்கடையில் விற்கும் ‘எல்போ’ ஒன்றால் உள்ளே மேல்நோக்கித் திருப்பினோம். நீளத்தை வளைவின் நடுக்கோட்டில் அளத்தல் வேண்டும்.

இசைக்கருவியில் மரம் பாடுதல் நன்று. இப்பெட்டியில் மரம் வாய்திறவாதிருத்தல் நன்று. ஆகையால் எதிரெதிர்ப் பலகைகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்தோம். மூட்டுகளுக்குத் தச்சர் வழங்கும் ஃபெவிகால் தடவித் திருகாணி முடுக்கினோம். காற்றுக் கசிவை அறிய ஓர் எளிய சோதனையுண்டு: குழாயின் வாயைத் துணியால் அடைத்துத் தாழ்ந்த சுருதி ஒன்றை ஒலிக்கவிட்டு, மூட்டுகளின் ஓரமாக ஊதுவத்தியைக் கொண்டு செல்க. கசிவுள்ள இடத்தில் புகை நடுங்கும்.

மின்பெருக்கிக்கு டி.டி.ஏ. 7294 என்னும் சில்லு பொருந்திய பலகையும், 18-0-18 வோல்ட் டிரான்ஸ்பார்மரும், 4558 சில்லில் அமைந்த வடிப்பான் பலகையும் வாங்கினோம். இவற்றிற்கு 2,100 ரூபாய். நம் மாநிலத்துச் சிற்றூர்களில் 4440 என்னும் சில்லைக்கொண்டு ‘அசெம்பிள் செட்’ செய்து பழகிய இளைஞர் பலர். அவர்க்கு இவ்வேலை விளையாட்டு. இதில் வெளிவரும் வலி ஏறக்குறைய 50 வாட். ஆயிரம் வாட் என்று பெட்டியில் எழுதியிருந்ததன்றோ எனின், எழுத்துக்கு மின்சாரம் வேண்டுவதில்லை என்பதே விடை. வடிப்பானை 80 துடிப்பில் வைத்து, அதற்கு மேற்பட்டவற்றைப் பழைய ஒலிபெருக்கிகளுக்கே விட்டோம். 25 துடிப்பிற்குக் கீழ்ப்பட்டவற்றையும் தடுத்தோம்; ஏனெனில் குழாயின் சுருதிக்குக் கீழே பெட்டியின் காற்று கூம்பைத் தாங்காது கைவிடும். இசையில் அங்கு ஒன்றும் பெரிதாக இல்லை. திரைப்படங்களின் வெடியோசையிலும் நில அதிர்வோசையிலும் உண்டு. 1974-இல் வெளியான ‘எர்த்குவேக்’ என்னும் ஆங்கிலப் படத்திற்கென்றே திரையரங்குகளிற் பெருந் தாழொலிப் பெட்டிகளை வைத்தனர். அக்காட்சிக்காக நம் கூம்பு கிழிதல் வேண்டா. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆதலின், டிரான்ஸ்பார்மரை உலோகப் பேழையில் அடைத்து நிலத்தொடர்பு தருதல் இன்றியமையாதது. இவ்வேலையைப் பழகியவர் ஒருவர் அருகிருக்கச் செய்க. பலகைக்கு 1,900, குழாய், கம்பி, பசை முதலியவற்றிற்கு 600 எனக் கூட்ட, மொத்தச் செலவு 8,100 ரூபாய்.

அறையும் ஒரு வாத்தியமே. எம் அறை பன்னிரண்டடி நீளம். அந்நீளத்தில் 47 துடிப்புடைய நாதம் சுவருக்குச் சுவர் மோதி நிலையாக நின்று, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் மறைந்தும் போகும். சிமெண்டுக் கல் சுவர்கள் அதனைச் சிறிதும் உண்பதில்லை. நல்லிடம் காண ஒரு தந்திரம்: தமையனார் அமரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றிப் பாட்டை ஒலிக்கவிட்டு, யாம் தரையில் தவழ்ந்து எங்கு நாதம் சமமாகக் கேட்கிறதெனத் தேடினோம். பின்னர் அங்குப் பெட்டியை வைத்தோம். முதியவர் தவழக் கண்டு குழந்தைகள் சிரித்தனராயினும் பௌதிக விதி சிரிப்பிற்கு அஞ்சுவதன்று.

இனி, முன்னர்ச் சொன்ன கேள்வி. எம் அடுத்த வீட்டார் ஓர் ஆலையில் இரவு ஷிப்டு செய்பவர். அஞ்செட்டிப் பக்கத்தவர், வயதில் இளையவர். காலை எட்டு மணிக்கு வந்து உறங்குவார். பலகை அறுக்கும் முன்னரே அவரிடம் சென்று எம் எண்ணத்தைத் தெரிவித்தோம். அவர் முன்பு குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் இத்தகைய பெட்டி ஒன்று இருந்ததாம். “பாட்டு என் காதில் விழாது, அண்ணா, ஆனால் கட்டில் நடுங்கும். என்ன பாட்டு என்று தெரிந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம்” என்றார். இஃது வேடிக்கைப் பேச்சன்று, பௌதிகம். உயர்ந்த சுருதியைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த சுருதியைத் தடுக்கச் சாதாரணச் சுவருக்கு எடை போதாது. பாடகரின் சொல் எம் அறையிலேயே நின்றுவிட, தாளத்தின் அடி மட்டும் சுவர் கடந்து அயலார் தலையணையைச் சேரும். கேட்க விரும்பாதவர்க்குப் பாட்டின் மிகச் சிறந்த பகுதியன்று, மிகத் துன்பமான பகுதியே போய்ச் சேருகிறது.

சட்டம் இதற்குத் துணை செய்யுமா எனப் பார்த்தோம். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும் எல்லை. இதில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. முதலாவது, அவ்வளவு ‘ஏ’ என்னும் எடைமுறையால் அளக்கப்படுவது. செவியின் சோம்பலைக் கருதி அம்முறை 30 துடிப்பின் அருகே ஏறக்குறைய 40 டெசிபலைக் கழித்துவிடுகிறது. ஆகவே கட்டிலை நடுக்கும் நாதமும் அம்மானியில் சிறு முணுமுணுப்பாகவே தோன்றக்கூடும். இரண்டாவது, சட்டத்தின் இரவு கதிரவனைப் பார்த்து வருவது. ஓசூர்த் தொழிலாளியின் இரவோ ஷிப்டைப் பார்த்து வருவது. காலை பத்து மணிக்கு அவருக்கு நள்ளிரவு. சட்டத்தை ஓரெழுத்தும் மீறாமலே ஒருவருடைய உறக்கத்தை நாள்தோறும் பறித்தல் இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

ஒருபுறம் ஆலையின் ஓசையால் செவி தேய்ந்த முதியவர். மறுபுறம் ஆலையின் நேரத்தால் உறக்கம் மாறிய இளைஞர். இருவரும் ஒரே தொழிலின் இரு விளைவுகள். ஒருவர்க்குச் செய்யும் அன்பு மற்றவர்க்குத் துன்பமாதல் கூடாதென்பதே எம் முடிவு. அடுத்த வீட்டாரின் ஷிப்டு வாரந்தோறும் மாறும். அதனை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டினோம். அவர் ஆலையிலிருக்கும் நேரமே இசை நேரம். கிருஷ்ணகிரிப் பகுதியில் கருங்கல் அறுக்கும் தொழில் மிகுதியாகையால் எளிதிற் கிடைத்த துண்டுக் கல்லொன்றின்மேல் ரப்பர்க் கட்டைகளை வைத்துப் பெட்டியை நிறுத்தினோம். தரைவழிச் செல்லும் அதிர்வு அதனால் ஓரளவு குறையும். காற்றுவழிச் செல்வது குறையாது. ஒலியளவைக் கூட்டும் குமிழில் ஓர் எல்லைக்கோடு இட்டோம். அக்கோட்டை எங்கு இடுவதென்பதை யாம் தீர்மானிக்கவில்லை. அடுத்த வீட்டார் தம் கட்டிலில் படுத்துக்கொள்ள, யாம் இங்கே குமிழை மெல்லத் திருப்ப, அவர் சுவரைத் தட்டிய இடமே எல்லை.

அவ்வெல்லைக்குள் தமையனார்க்கு வேண்டியது கிடைத்ததா எனின், கிடைத்தது. அவர் மாலை வேளைகளில் மிருதங்கத் தனியாவர்த்தனங்களைக் கேட்கிறார். பாடகரின் சொற்கள் இன்னும் அவருக்கு மங்கலே. தேய்ந்த செவியை எந்தப் பெட்டியும் மீட்டுத் தாராது. ஆயின் தொப்பியின் கும்கி எழுந்து வழுவி இறங்கும்போது, அவர் உள்ளங்கை தொடையில் சரியான இடத்தில் விழுகிறது. பல ஆண்டுகளாக அக்கை தாளம் போட்டதில்லை.

மாணவ நண்பர்களே, கணக்கும் கருவியும் கற்றுத் தம் கையால் ஒன்றைச் செய்து பார்த்தல் மிக்க இன்பம் தரும். விலை கொடுத்து வாங்கும் பெட்டியில் அவ்வின்பம் இல்லை. நீவிரும் முயல்க. பலகையை அளக்கு முன் கூம்பை அளவுங்கள். கூம்பை அளக்கு முன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உயர்ந்த நாதம் சுவரோடு நிற்கும். தாழ்ந்த நாதம் சுவரைக் கடக்கும். ஆதலின் அதனை எழுப்புவோர்க்குக் கணித அறிவோடு, மானியிற் பதியாத ஒன்றையும் கருதும் அயலன்பு வேண்டும்.